சுவரேறிய அல்லி

2018ஆம் ஆண்டு, ஆகஸ்டு மாதம் 21ஆம் நாள், செவ்வாய்க்கிழமை. ஃபோர்மைல் என்னும் பழங்குடி ஊரின் குளத்தங்கரைப் பெண் ஒருத்தி வரைந்த அல்லி, அவளைக் கேளாமலும் அவள் பெயரைச் சொல்லாமலும் டார்வின் நகரத்துக் கடையொன்றில் சுவர்த்தாளாக விற்கப்படுவது அன்றுதான் ஊருக்குத் தெரியவந்தது. இது திருட்டு. இதற்கு வேறு பெயர் இல்லை. திருடியவன் குளிரூட்டிய கடைக்குள் சுகமாக அமர்ந்திருக்க, பறிகொடுத்தவள் தலையிலேயே பழியும் விழுந்தது என்பது அதனினும் பெரிய அநியாயம்.

பழி சுமந்தவள் டல்சி. அவள் வரைந்த அல்லி வெறும் பூவன்று. நீரின் மேலே இலை, நடுவே நீண்ட தண்டு, அடியே சேற்றில் கிழங்கு, கிழங்கைத் தேடித் துழாவும் பெண்களின் கால்விரல்கள் என்று, மேலிருந்தும் கீழிருந்தும் ஒரே சமயத்தில் பார்த்ததுபோல் இருக்கும். அந்தக் குளம் அவளுடைய தாய்வழி நிலம். ஆகையால் அந்த அல்லியை வரையும் உரிமை அவளுக்கு மட்டுமே உண்டு. அவள் கையை எடுத்துவிட்டால் வேறு எவரும் அந்தத் தூரிகையைத் தொடமாட்டார்கள்.

இப்போது கையை எடுக்கச் சொல்லித்தான் பேச்சு நடந்தது. ஊர்ப் பெண்கள் சேர்ந்து, புதிய மருத்துவமனையின் பிரசவ அறைக்குத் தாங்களே சுவர்த்தாள் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை மாதிரிகள் அச்சுக்குப் போக வேண்டும். அதற்குள் டல்சியின் அல்லியை நீக்கிவிடுவதென்று, அவளுடைய நாத்தனாரும் பெண்கள் கூடத்தின் தலைவியுமான ஹில்டா முடிவெடுத்திருந்தாள்.

"சுத்தியிருந்த காகிதத்தப் படி, மகனே," என்றாள் ஹில்டா, அலோஷியஸிடம் ஒரு சுவர்த்தாள் சுருளை நீட்டி. "படிச்சிட்டு அது யாரோட வாய்னு நீயே சொல்லு."

அலோஷியஸ் நெடுங்காலம் ஊர்க் காவலராக இருந்து ஓய்வுபெற்றவர். மணலில் பதிந்த தடத்தைப் பார்த்தே, போனவன் பசியோடு போனானா, சாப்பிட்டுவிட்டுப் போனானா என்று சொல்லக்கூடியவர். இப்போது வெளியூர்க்காரர்களை ஆற்றுக்கு மீன்பிடிக்க அழைத்துச் செல்கிறார். அறுபது வயது. எந்நேரமும் அகன்ற தொப்பி. தூங்கும்போது அதைக் கழற்றுகிறாரா என்பது ஊரில் இன்னும் தீராத வழக்கு.

அவர் படித்தார்: 'இந்த அல்லிக்கிழங்கைச் சுற்றியுள்ள சேற்றைச் சூரியன் எழுமுன் தலையில் பூசினால் உதிர்ந்த முடி மீண்டும் முளைக்கும். இது அப்பெண்கள் காத்துவரும் இரகசியம்.'

"மூலிகை விஷயத்துல எங்கள யாராவது ரொம்பத் தோண்டினா, ஆளுக்கொரு பொய் வச்சிருக்கோம்," என்றாள் ஹில்டா. "தாழம்வேரைத் தலைமாட்டுல வச்சா குறட்டை நிக்கும்னு சொல்றது நான். முடி, மீசைன்னு அளக்குறது டல்சி. இந்தப் பொய் அவ அடுப்புல வெந்தது. படத்தையும் வித்து, பொய்யையும் சேத்து வித்துட்டா."

"அத்தை சொல்றது சரிதான்," என்று வாசற்படியிலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆனா வித்தவ உண்மையக் குடுக்காம பொய்யக் குடுத்திருக்கா பாருங்க. பாதித் திருட்டுதான்."

குரலுக்கு உரியவள் பெர்னடெட். டல்சியின் தங்கை மகள். அலோஷியஸுக்குக் கொழுந்தியாள் முறை. எந்த வழக்கை அவர் எடுத்தாலும் கூடவே வருபவள். கேலி பேச அவளுக்கு முறை இருந்தது. முறை இல்லாத இடத்திலும் அவள் பேசுவாள்.

இந்த வழக்கில் அலோஷியஸுக்கு ஒரு பெருஞ்சிக்கல் இருந்தது. டல்சி அவருடைய மாமியார். ஃபோர்மைல் வழக்கப்படி மருமகன் மாமியாரோடு பேசக்கூடாது, முகம் பார்க்கக்கூடாது, ஒரே வண்டியில் ஏறக்கூடாது, பெயரைக்கூடச் சொல்லக்கூடாது. மாமியாருக்கும் அதே விதிதான். அது வெறுப்பினால் வந்ததன்று. மரியாதை அந்த வடிவத்தில் இருந்தது. ஆக, யாருடைய மானத்தைக் காக்க வேண்டுமோ அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்க முடியாத துப்பறிவாளர் அவர்.

இருவரும் சுருளை வெளியே எடுத்துச்சென்று வண்டியின் முன்புறத்தில் விரித்தார்கள். அல்லி வரிசை வரிசையாகப் போயிற்று. இலைகளுக்கிடையே மீண்டும் மீண்டும் ஒரு சிறிய குறி வந்தது. 'ஆதி ஆவியொன்றின் அடிச்சுவடு' என்று சுற்றுக்காகிதம் அதற்கு விளக்கம் எழுதியிருந்தது.

பெர்னடெட் குனிந்து பார்த்தாள். பிறகு வண்டியின் நிழலில் படுத்துக்கிடந்த நாயைப் பார்த்தாள். அதற்கு 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர். முன்னங்காலின் ஒரு விரலைச் சேற்றுநண்டு ஒன்றுக்குக் காணிக்கையாகக் கொடுத்த நாய் அது.

"மச்சான், ஆவிக்கு எத்தன விரலு?"

"மூணு."

"இன்ஸ்பெக்டருக்கு?"

அலோஷியஸ் தாளை மறுபடியும் நோக்கினார். நடுவே ஒரு திண்டு, முன்னே மூன்று. நான்காவது இருக்க வேண்டிய இடம் காலி. மணலில் தினமும் பார்க்கும் தடம். "ஈரச் சாயத்துல நடந்திருக்கான்," என்றார்.

"டார்வின்ல அவனுக்குக் கோயிலே கட்டிட்டாங்க. இனிமே இவனுக்கு எலும்பு போடுறப்ப கும்பிட்டுப் போடணும்."

துப்பு தெளிவாக இருந்தது. டல்சி அல்லி வரைந்த ஒவ்வொரு துணியிலும் நாய் நடக்கவில்லை; ஏதோ ஒன்றில்தான் நடந்திருக்கிறது. அந்த ஒரு துணியைப் பார்த்துத்தான் கடைக்காரன் நகல் எடுத்திருக்கிறான். அது இருக்கும் இடம் தெரிந்தால், திருடனின் கண் எங்கே நின்று பார்த்தது என்பதும் தெரியும்.

துணி எங்கே என்பதை அறிந்தவள் டல்சி.

அவள் தன் வீட்டருகே மரநிழலில் தனியாக அமர்ந்திருந்தாள். வழக்கமாக அவளைச் சுற்றி நான்கு பெண்களாவது இருப்பார்கள், அன்று எவருமில்லை. அலோஷியஸ் வண்டியைத் தள்ளி நிறுத்தி, அதன் மறுபுறத்தில் அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அவர் பேசுவது அவளுக்கும், அவள் பேசுவது அவருக்கும் நன்றாகவே கேட்கும். கேட்கவில்லை என்று இருவரும் வைத்துக்கொள்ள வேண்டும். பெர்னடெட் இரண்டுக்கும் நடுவில் நின்றாள்.

"நாய் நடந்த துணி எதுன்னு கேளு," என்றார் அலோஷியஸ், எதிரிலிருந்த புற்றைப் பார்த்து.

"பெரியம்மா, சாயம் காயறதுக்கு முன்னாடி இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டானே, அந்தத் துணி எங்க?"

"வண்டிக்கு அந்தப் பக்கம் காத்து வீசுதா?" என்று கேட்டாள் டல்சி.

"வீசுது. காத்து தொப்பி போட்டிருக்கு."

"அந்தக் காத்துகிட்டச் சொல்லு. இதத் தோண்ட வேணாம். அல்லி போனாப் போகட்டும்."

"நீங்க விக்கலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க பெரியம்மா. அத்தை வாய நான் அடைக்கறேன்."

"நான் எதுவும் சொல்ல முடியாது."

"சொல்ல மாட்டீங்களா, சொல்ல முடியாதா?"

"காது கேக்கலையா உனக்கு? முடியாதுன்னேன்."

பெர்னடெட் திரும்பி வந்து வண்டியில் சாய்ந்தாள். அலோஷியஸின் முகம் வாடியிருந்தது.

"யாரையோ காப்பாத்துறாங்க," என்றார் தாழ்ந்த குரலில். "வித்தவங்களா இருந்தா சத்தியம் பண்ணியிருப்பாங்க. இவங்க பண்ணல."

"யாரக் காப்பாத்துறாங்க?"

"பெத்த பொண்ண விட்டா வேற யாரு?"

பெர்னடெட் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். டல்சியின் ஒரே மகள் மார்லீன், அலோஷியஸின் மனைவி. தன் பேத்தியின் பிரசவத்துக்காகக் கேத்தரின் நகரத்துக்குப் போயிருந்தாள். "கட்டின பொண்டாட்டி மேலயே கேஸா? அவ திரும்பி வந்ததும் உங்களுக்கு முடி மட்டுமில்ல, தலையும் இருக்காது."

"வேற வழி தோணல."

"எனக்குத் தோணுது. திருடன்கிட்டயே கேப்போம்."

சுற்றுக்காகிதத்தில் கடையின் தொலைபேசி எண் இருந்தது. பெர்னடெட் ஸ்பீக்கரைப் போட்டுக் கைப்பேசியை வண்டியின்மேல் வைத்தாள். எடுத்த பெண்ணிடம், தேனில் குழைத்த குரலில் பேசினாள்.

"அம்மா, எங்க வீட்டுக்காரருக்குத் தலை சுத்தமா வழுக்கைங்க. உங்க அல்லித்தாள் மேல ஒரு வைத்தியம் போட்டிருக்கே, அது பலிக்குமா? பலிக்கும்னா நாலு ரூமுக்கும் ஒட்டிருவோம்."

நான்கு அறை என்றதும் அந்தப் பெண் சுறுசுறுப்பானாள். தாளை வடிவமைத்தவரே கடையில் இருப்பதாகவும், அவரையே பேசச் சொல்வதாகவும் கூறினாள். சற்றுப் பொறுத்து ஓர் ஆண்குரல் வந்தது.

"தாராளமா பலிக்கும்மா. இது புத்தகத்துல படிச்சதில்ல. அந்த ஊர்ப் பெரியவர் ஒருத்தர் என்கிட்ட நேரா சொன்னது. படகுல உக்காந்து, கண்ணு கலங்கிச் சொன்னாரு."

"அவருக்கு முளைச்சுதுங்களா?"

"லேசா அரும்புற மாதிரி இருக்குன்னு அவரே சொன்னாரு. ஒருநாள் விடியக்காலம் பாத்தேன், தலை பூரா சேறு, மேல தொப்பி." இதைச் சொல்லிவிட்டு அவன் சிரித்தான். மரக்கிளையிலிருந்து கூக்கபுரா பறவை கனைப்பதுபோல் அந்தச் சிரிப்பு படிப்படியாக ஏறி, உச்சியில் உடைந்தது.

அந்தச் சிரிப்பை அலோஷியஸ் அறிவார். கடந்த ஆண்டு அந்தச் சிரிப்புக்கு அஞ்சி ஓடிய பாரமுண்டி மீன்கள் இன்னும் அந்த வளைவுக்குத் திரும்பவில்லை. டேமோ என்று தன்னைச் சொல்லிக்கொண்டு மீன்பிடிக்க வந்தவன். அவனுக்கும் தலை வழுக்கை. தூண்டிலில் எதுவும் சிக்காத சலிப்பில், ஒரே துன்பத்தில் இருக்கும் இரு ஆண்கள் பேசிக்கொள்வதுபோல்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

பெர்னடெட் நன்றி சொல்லித் தொடர்பைத் துண்டித்தாள். நிதானமாகத் திரும்பினாள்.

"தொப்பியக் கழட்டுங்க மச்சான்."

"எதுக்கு?"

"சாட்சியப் பாக்கணும்."

அவர் கழற்றவில்லை. கழற்ற வேண்டிய அவசியமும் இருக்கவில்லை; காதோரத்தில் காலைச் சேறு ஒரு பொட்டு காய்ந்து ஒட்டியிருந்தது.

"மார்லீன்தான் வந்து சொன்னா," என்றார் அவர் ஈனக்குரலில். "அவங்க அம்மா ஒரு மருந்து சொல்லிவிட்டாங்கன்னு. நான் நிஜம்னு நம்பிட்டேன்."

"கேலிக்குச் சொன்னதுன்னு தெரியலையா?"

"முகத்தப் பாத்தாத்தானே கேலியா இல்லையான்னு தெரியும்?"

அவர் சொன்னது நியாயம். மாமியாரின் முகத்தைப் பார்க்க முறையில்லாத மனிதருக்கு, அவள் உதட்டோரத்தில் ஒளிந்திருந்த குறும்பு எப்படித் தெரியும்? ஊரில் எவரும் செய்யாத தவற்றை மருமகன் ஒருவனால்தான் செய்ய முடியும்.

"சரி, பொய் போன வழி தெரிஞ்சிருச்சு," என்றாள் அவள். "படம் போன வழி? அந்த டேமோ உங்க வீட்டுக்கு வந்தானா?"

"தின்னக் குடுத்தேன், டீ குடுத்தேன். வராந்தாவுலதான் உக்காந்தான்."

"பெரியம்மா மகளப் பாக்க வந்தா எங்க உக்காருவாங்க?"

"வராந்தாவுலயேதான். குறுக்க ஒரு திரை கட்டியிருக்கோம். அவங்க அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். அவங்களே குடுத்த துணி."

"அந்தத் திரை என்ன நிறம்?"

பக்கத்து வீட்டுக்காரனின் செருப்பு எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்பதை அறிந்தவர் அலோஷியஸ். ஆனால் தம் சொந்த வீட்டுத் திரையின் நிறம் அவருக்குத் தெரியாது. அது கட்டப்பட்ட நாளிலிருந்து, மரியாதை கருதி, அவர் அதற்கு முதுகையே காட்டி அமர்ந்துவந்தார்.

வண்டி அவர் வீட்டு வாசலில் நின்றது. திரைக்கு அப்பால் எவரும் இல்லை என்பதைப் பெர்னடெட் இரண்டுமுறை உறுதிசெய்த பிறகே அவர் திரும்பினார்.

நீலமும் பழுப்புமாக அல்லி தொங்கிக்கொண்டிருந்தது. இலை, தண்டு, கிழங்கு, சேற்றில் துழாவும் கால்விரல்கள். ஒரு மூலையிலிருந்து மறுமூலைவரை, அவசர வேலையாகப் போகிறவனைப்போல், மூன்று விரல் தடம் குறுக்கே ஓடியது. டேமோ டீயை உறிஞ்சியபடி, விருந்து கொடுத்தவர் முதுகு காட்டி அமர்ந்திருந்த வேளையில், சாவகாசமாகப் படம் எடுத்திருக்கிறான்.

அலோஷியஸ் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். இவ்வளவு அழகான ஒன்று தம் தோளுக்குப் பின்னால் இத்தனை காலம் இருந்திருக்கிறது.

"அவங்க காகிதத்தப் படிச்ச உடனேயே கண்டுபிடிச்சிருப்பாங்க," என்றார். "அந்தச் சேத்துப் பொய்ய என்னைத் தவிர வேற யாருக்கும் சொல்லியிருக்க மாட்டாங்க. என் பேர அவங்க வாயால சொல்லக்கூடாது. சொன்னா எனக்கு அவமானம். அதுக்காக அல்லியையே விடப் பாத்தாங்க."

"கேஸ் முடிஞ்சுது," என்றாள் பெர்னடெட். "குற்றவாளிய நீங்களே கூட்டிட்டு வந்துருங்க மச்சான். தப்பிச்சு ஓடுற வயசில்ல."

வெள்ளிக்கிழமை பெண்கள் கூடத்தில் மாதிரிகள் பரப்பப்பட்டிருந்தன. டல்சி கதவோரத்தில், மற்றவர்களிடமிருந்து விலகி அமர்ந்திருந்தாள். அலோஷியஸ் உள்ளே வரவில்லை. சன்னலுக்கு வெளியே, கூடத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். மாமியார் இருக்கும் இடத்தில் நேராகப் பேச முடியாத மருமகன் என்ன செய்ய வேண்டுமென்பதற்கும் அந்த ஊரில் வழி இருந்தது. அவர் நாயைப் பார்த்துப் பேசினார்; கூடம் முழுவதும் கேட்கும்படி பேசினார்.

"இன்ஸ்பெக்டர், நல்லாக் கேட்டுக்க. படத்த யாரும் விக்கல. எங்க வீட்டுத் திரையில நீ நடந்த அந்தத் துணிய ஒருத்தன் போட்டோ எடுத்துட்டுப் போயிட்டான். அவன வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தது நான். அந்த வைத்தியத்த அவனுக்குச் சொன்னதும் நான்." அவர் தொப்பியின் விளிம்பைத் தொட்டார். "ஏன்னா, ஒரு வருஷமா விடியக்காலத்துல அத நான் பூசிட்டு இருக்கேன்."

நாய் கொட்டாவி விட்டது. பிறகு ஹில்டாவின் குரல் கேட்டது.

"சேத்தையா பூசின, மகனே?"

"ஆமா."

"தினமுமா?"

"ஞாயித்துக்கிழம விட்டுருவேன். சர்ச்சுக்குப் போகணும்ல."

அதன்பின் எழுந்த சிரிப்பில் சன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அலோஷியஸ் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, அசையாமல் நின்று அவ்வளவையும் வாங்கிக்கொண்டார். சிரிப்பு அடங்கியபோது, பின்னால் தரையில் பாய் ஒன்று இழுபடும் ஓசை கேட்டது. ஹில்டா நகர்ந்து இடம் விடுகிறாள் என்று அவர் திரும்பாமலே அறிந்தார்.

"இப்படி வந்து உக்காரு, அண்ணி," என்றாள் ஹில்டா. "ஏன் வாயத் தெறக்கல நீ? நானும் பாவி, என்னென்னமோ பேசிட்டேன்."

"பேசினது பேசினதுதான்," என்றது டல்சியின் குரல். "நீலச் சாயத்த இந்தப் பக்கம் தள்ளு." பிறகு அவள் பெர்னடெட்டை அழைத்தாள். "வெளிய நிக்கிற காத்துகிட்டச் சொல்லு. அந்தக் கிழங்க நெருப்புல சுட்டுத் தின்னா வயிறு நெறையும். அதுக்கு வேற எந்தச் சக்தியும் கெடையாது."

"மச்சான், காதுல விழுந்துச்சா?"

"விழல," என்றார் அலோஷியஸ் முறைப்படி. அவர் தோள்கள் சிரிப்பில் குலுங்கிக்கொண்டிருந்தன.

அன்று மாலையே இன்ஸ்பெக்டரின் காலைச் சாயத்தில் தோய்த்து ஒரு தாளில் பதித்தார்கள். அதனோடு திரைச்சீலையின் படத்தையும் சேர்த்து, ஹில்டா தன் கையாலேயே டார்வின் கடைக்கு அனுப்பினாள். ஆவியின் அடிச்சுவடு எந்த ஆவியுடையது, அதற்குத் தடுப்பூசி எப்போது போடப்பட்டது என்ற விவரங்களைப் பெர்னடெட் அடியில் எழுதினாள். கடை அத்தாளை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. டேமோ ஆளே காணாமற்போனான். பிரசவ அறையின் சுவரில் அல்லி ஏறியது. அதன் ஓரத்தில் டல்சியின் பெயர் படிக்கும்படியான எழுத்தில் அச்சாகியிருக்கிறது.

ஆயினும், அதற்குமுன் விற்றுப்போன சுருள்கள் விற்றவைதாம். அவை எவருடைய வரவேற்பறையிலோ, எந்த உணவகத்திலோ, பெயரற்று ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடைக்காரர்கள் அதற்கு மன்னிப்புக் கேட்கவில்லை. 'பழங்குடிப் பெண்களின் பொதுவான மரபிலிருந்து பெற்றது' என்று ஒரு வரி எழுதியதோடு நிறுத்திக்கொண்டார்கள். பொதுவான மரபு சேற்றில் இறங்கிக் கிழங்கு தோண்டுவதில்லை. அதை ஒரு பெண்தான் செய்கிறாள்.

ஆகவே, இதைப் படிக்கும் நீங்கள், சுவருக்கோ துணிக்கோ இத்தகைய ஓவியமொன்றை வாங்கக் கடைக்குள் நுழையும்போது, இதை வரைந்தவள் யார் என்று கேளுங்கள். 'பழங்குடிப் பெண்கள்' என்று சொல்லித் தப்பப் பார்ப்பார்கள், விடாதீர்கள். எந்தப் பெண், எந்த ஊர், அவள் சம்மதித்தாளா என்று மூன்றையும் கேளுங்கள். மூன்றுக்கும் விடை வரும்வரை பணப்பையைத் திறக்காதீர்கள்.